பதில் போடும் முன்...

(இணையதள அணித் தோழர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண் விழிச்சு, ஊதியம் இல்லாம, இயக்கத்துக்காகப் பதிவு போடுறவங்க நீங்க. அதனால உங்களிடம் உரிமையோடு சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில், ஒரு பதிவுக்குக் கீழே நடக்கும் வாக்குவாதத்தை யார் படிக்கிறார்கள்? எதிரே நின்று சண்டை போடுகிறவரை நீங்கள் மாற்றப் போவதில்லை. அவரும் உங்களை மாற்றப் போவதில்லை. ஆனால் எதுவும் எழுதாமல், ஒரு லைக்கூடப் போடாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் நம் வாக்காளர்கள். டீக்கடை பெஞ்சில் ரெண்டு பேர் பேசும்போது, பேப்பரை விரிச்சபடி காதைக் கொடுத்துக் கேட்பாரே ஒருவர், அவர் மாதிரி. யார் நிதானமாகப் பேசினார், யார் கெட்ட வார்த்தை பேசினார் என்று அவர் கவனிக்கிறார். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிலும் அவருக்காகத்தான்.

இரண்டாவது, கோபத்துக்குத் தீனி போடாதீர்கள். ஃபேஸ்புக் நிறுவனம் 2017-ல் கோப எமோஜி உள்ளிட்ட குறிகளுக்கு, சாதாரண லைக்கைவிட 5 மடங்கு மதிப்புக் கொடுத்தது. 2020-ல்தான் கோபக் குறியின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது. ஆனாலும் பதில் அதிகம் விழும் பதிவை இன்னும் நிறைய பேருக்குக் காட்டுவது இந்தத் தளங்களின் வழக்கம். அப்படியானால் நம்மைத் திட்டி 40 பேர் மட்டும் பார்த்த ஒரு பதிவுக்கு, நாம் 200 பேர் போய் பதில் போட்டால் என்ன ஆகும்? அவருக்கு நாமே மைக்செட் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். பொய் பரவலாகப் போய்க்கொண்டிருந்தால் ஆதாரத்தோடு ஒரே ஒரு நல்ல பதில் போடுங்கள். நம் ஆட்கள் அந்தப் பதிலுக்கு லைக் போட்டு மேலே கொண்டு வாருங்கள். யாரும் பார்க்காத பொய் என்றால், கடந்து போய்விடுங்கள்.

மூன்றாவது, ஃபார்வர்ட். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்துபவர் என்று சந்தேகித்து ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்திதான் அந்தச் சந்தேகத்தை விதைத்தது. அனுப்பிய ஒவ்வொருவரும் "எச்சரிக்கைக்காகத்தான் அனுப்பினேன்" என்றுதானே நினைத்திருப்பார்கள்? அதே ஆண்டில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது 5 குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறி வந்த செய்தியில் ரெட்டை அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தேதி என்ன, எந்த ஊர், எந்தச் செய்தி நிறுவனம் வெளியிட்டிருக்கிறது என்று பாருங்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பரவிய வீடியோக்களும் வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்கள்தான்.

"நான் எழுதலையே, பகிர்ந்தேன் அவ்வளவுதான்" என்றால் சட்டம் விடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018-ல் பகிர்ந்தவர், முழுசாகப் படிக்கவில்லை, நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. போலி வீடியோ விஷயத்தில் கட்சிகளுக்கும் பொறுப்பு உண்டு: கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. நீங்கள் ஆர்வத்தில் போடுவதற்கு இயக்கம் பதில் சொல்ல வேண்டி வரும்.

கடைசியாக, மனசுல இருக்கிற ஒண்ணு. எதிர்க்கருத்து சொல்லும் பெண்ணின் உடம்பையும் குடும்பத்தையும் இழுத்து எழுதுகிறவர், நம் கொடியைப் புரொஃபைலில் வைத்திருந்தாலும் நமக்காகப் பேசவில்லை. சாதியைச் சொல்லித் திட்டுகிறவரும் அப்படித்தான். அப்படி ஒரு கமெண்டைப் பார்த்தால், எதிரணிக்காரர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். "தோழர், இதை எடுத்துடுங்க" என்று நாமே தனிச்செய்தியில் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் பொதுவெளியிலேயே கண்டிக்க வேண்டும். இதைப் பார்த்துப் பேசப் பயந்து ஒதுங்கும் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துடாதீங்க.

பேசுகிற விஷயத்தை விட்டு நகராதீர்கள். ஒருவர் பேருந்துக் கட்டணம் பற்றிக் கேட்டால், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், முப்பது வருஷத்துக்கு முந்தைய கதையை இழுக்க வேண்டாம். சம்பந்தம் இல்லாத 50 பேரை டேக் செய்யாதீர்கள். தகவல் தப்பு என்று யாராவது நிரூபித்தால், சத்தமில்லாமல் அழிக்காமல், "திருத்தம்" என்று போட்டுச் சரி செய்யுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு, அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கும் அந்த வாக்காளரிடம் பெரிய மரியாதை உண்டு.

இன்றைக்கு இரவு போனைக் கையில் எடுக்கும்போது இதில் ஒன்றையாவது செய்து பாருங்கள், தோழர்களே.