தூத்துக்குடியிலிருந்து மலையேறிய படகு

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கரை கட்டினார்; சதுப்பு நிலம் ஏரியானது.

தண்ணீர் தேங்கிவிட்டது. படகுக்கு எங்கே போவது? ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம், மோட்டார் சாலை இல்லாத காலம். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. கடலோர ஊர்ப் படகு மலையேறிய காட்சி எப்படி இருந்திருக்கும்!

1890-ல் படகு கிளப் தொடங்கியது. பொதுமக்கள் சவாரி செய்யத்தான் 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏரி சுமார் 60 ஏக்கர், நட்சத்திர வடிவம். சுற்றுச்சாலை 5 கிலோமீட்டர். அதில் சைக்கிள், குதிரை. நீரில் மிதிபடகு, துடுப்புப் படகு. துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருவார். எதிரே இருப்பவர்தான் வழி சொல்ல வேண்டும்.