முகமும் எழுத்தும்



நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைத் தேடிச் சேர்க்கும் இவ்வேளையில், தூரத்து நாட்டுப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம்.

புகைப்படம் பரவுவதற்கு முந்திய ரஷ்யாவில், பிரபு குடும்பத்துப் பெண்களை நீர்வர்ணத்தில் வரைவது வழக்கம். அப்படி 1831–32இல் அலெக்சாண்டர் புருல்லோவ் வரைந்த ஓவியத்தில் இருப்பவர் நத்தாலியா. கவிஞர் புஷ்கினின் மனைவி. அப்போது வயது 19. காதில் நீண்ட தொங்கட்டான், அமைதியான முகம். ஸார் மன்னர் முதலாம் நிக்கலஸின் அரசவை விருந்துகளில் அந்த அழகைப் பேசாதவர் இல்லை.

1837இல் மனைவியின் பெயர் தொடர்பான வம்புப் பேச்சினால் எழுந்த துப்பாக்கிச் சண்டையில் புஷ்கின் இறந்தார். 24 வயதில், நான்கு பிள்ளைகளோடு விதவையானார் நத்தாலியா. பழி அவர் தலையில் விழுந்தது. அழகி, ஆட்டத்தில் மயங்கியவர், கணவனின் மனதை அறியாதவர் என்று தலைமுறை தலைமுறையாக எழுதினார்கள். கணவர் அவருக்கு எழுதிய கடிதங்கள் 1878இல் அச்சேறின. அவர் கணவருக்கு எழுதியவையோ அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. மறுமொழி சொல்ல, படத்துக்கு வாய் இல்லையே.

நூறாண்டுக்கும் மேல் கழிந்து, அண்ணன் திமித்ரிக்கு அவர் எழுதிய கடிதங்கள் வெளிவந்தன. 1836இல் எழுதிய ஒன்றில், சகோதரிகளுக்குக் கிடைக்கும் அளவு பணம் தனக்கும் தரும்படி கேட்கிறார். வீட்டுச் செலவுத் தொல்லையால் கணவரின் எழுத்து வேலை கெடக்கூடாது என்று கவலைப்படுகிறார். படத்தில் காணாத பெண், கடிதத்தில் தெரிந்தார்.

வைத்தியர்களாகிய நாங்கள் இதைத் தினமும் காண்கின்றோம். "எப்போதிருந்து வலி?" என்று நோயாளியான பெண்ணிடம் கேட்டால், கூட வந்தவர் பதில் சொல்வார். அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடமே திரும்பக் கேட்போம். சில வேளை நோயே வேறாக இருக்கும்.

எங்கள் ஊர்களிலோ, பல உம்மம்மாமாருக்குப் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டு போனது. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடு அல்பங்களும் சான்றிதழ்களும் போயின. தப்பிய வகுப்புப் படங்களின் பின்புறத்தில் பெயர்கள் இல்லை. வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்கும் அந்தப் பிள்ளைகள் யார் என்று சொல்லக்கூடிய ராத்தாமார், வருடத்துக்கு வருடம் குறைந்து வருகிறார்கள்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொழும்பிலோ, கட்டாரிலோ, லண்டனிலோ, அடுத்த தெருவிலோ எங்கிருந்தாலும், உங்களிடமுள்ள படத்தின் பின்னால் பெயர்களையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். பிறகு, பள்ளிக்கூடம் விட்டபின் என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். தறி நெய்திருக்கலாம், படித்துக் கொடுத்திருக்கலாம், ஐந்து பிள்ளைகளை வளர்த்திருக்கலாம். எதுவும் சிறிதல்ல. எழுத முடியாதவர்களிடம் பேத்திமார் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுங்கள்.

இந்தப் பள்ளிக்கூடம் முதலில் எங்கள் கையில் தந்தது எழுதுகோல்தான். அதற்கான நன்றியை அதாலேயே செலுத்துவோம். வஸ்ஸலாம்.