சிவகாசியில இருந்து ஆன்லைன்ல என்ன விக்கலாம்?

(பாட்காஸ்ட் எபிசோடின் சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம்)

ஆன்லைன் கடை ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்க முதல்ல கேக்குற கேள்வி, "என்ன பொருள் வித்தா லாபம் வரும்?" பதிலைப் பொதுவா சொன்னா யாருக்கும் உபயோகம் இல்ல. அதனால ஒரே ஊரை எடுத்துக்குவோம். விருதுநகர் மாவட்டம், சிவகாசி. நீங்க சென்னையிலோ கோயம்புத்தூர்லயோ இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதல்ல தோணுற பொருள்

சிவகாசின்னா பட்டாசு. ஊர் பேரே விளம்பரம். பிரைஸ் லிஸ்ட்ல எண்பது, தொண்ணூறு சதவீதம் தள்ளுபடின்னு அச்சடிச்சிருப்பாங்க. "நாம ஒரு வெப்சைட் போட்டா என்ன?"ன்னு தோணும்.

வேண்டாம். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புல, ஃப்ளிப்கார்ட், அமேசான் உட்பட எந்த இ-காமர்ஸ் தளமும் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லியிருக்கு. உரிமம் உள்ள வியாபாரி மட்டும்தான் விக்கலாம். சட்டத்தைத் தள்ளி வச்சுட்டுப் பார்த்தாலும் வழி இல்ல. தபால்ல, கூரியர்ல, ரயில்ல பட்டாசு அனுப்ப முடியாது. கூகுள் விளம்பரத்துலயும் பட்டாசுக்கு அனுமதி கிடையாது. ஆக விக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது, விளம்பரமும் பண்ண முடியாது.

இன்னொரு பக்கம், ஒவ்வொரு தீபாவளிக்கும் போலி பட்டாசு வெப்சைட்டுல பணம் கட்டி ஏமாறுறவங்க இருக்காங்க. தமிழ்நாடு சைபர் கிரைம் போலீஸே எச்சரிக்கை விட்டிருக்கு. உங்க வீட்டுல யாராவது ஏமாந்திருந்தா 1930-க்கு உடனே போன் பண்ணுங்க.

இதுல இருந்து முதல் விதி: பொருளைப் பிடிச்சுப் போகுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. விக்க அனுமதி இருக்கா? கூரியர்காரர் எடுப்பாரா? விளம்பரத்தை ஏத்துக்குவாங்களா? மூணுல ஒண்ணுக்கு "இல்ல"ன்னு வந்தாலும் அந்தப் பொருளை விட்டுருங்க.

ஊரோட வரலாறே ஒரு பாடம்

சிவகாசி வறண்ட பூமி. மழை குறைவு, விவசாயத்தை நம்ப முடியாது. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. விவசாயத்தைக் கெடுத்த அதே காய்ஞ்ச வெயில் தீப்பெட்டிக்குத் தோதா அமைஞ்சுது.

தீப்பெட்டி வந்ததும் அதுமேல ஒட்ட லேபிள் வேணும். லேபிளுக்கு அச்சகம் வேணும். பட்டாசுக்கும் லேபிள் வேணும், அட்டைப்பெட்டி வேணும். இப்படித்தான் அச்சுத் தொழில் வளர்ந்து, இன்னைக்குக் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் எல்லாம் அங்க இருந்து வருது. ஒரு பொருள் விக்கிறவனுக்கு என்ன தேவைன்னு பார்த்தவங்களுக்கு அடுத்த தொழில் கிடைச்சிருக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில வரும்.

இப்ப கணக்கு

நான் சொல்ற எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. ஜிஎஸ்டியைத் தனியா வச்சிருக்கேன்.

ஒரு டைரி செட். விலை 399 ரூபாய். அடக்கம் 150, பேக்கிங் 15, கூரியர் 70, ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரச் செலவு 90. மிச்சம் 74 ரூபாய். பத்து ஆர்டருக்கு 740. நல்லாத்தானே இருக்கு?

இப்ப கேஷ் ஆன் டெலிவரியைச் சேருங்க. பத்துல மூணு பேர் வாங்காம திருப்பி விட்டுட்டாங்க. ஏழு பேர்கிட்ட வந்த பணம் 2,793. செலவு? ஏழு டைரிக்கு 1,050. ஆனா பேக்கிங், கூரியர், விளம்பரம் பத்துக்கும் ஆயிடுச்சு: 150, 700, 900. திரும்பி வந்த மூணுக்கும் தலைக்கு 50 வீதம் 150. மொத்தம் 2,950. கையில இருந்து 157 ரூபாய் போச்சு. திரும்பி வந்த டைரி நசுங்காம இருந்தாத்தான் இந்தக் கணக்கு கூட.

ரெண்டு மட்டும் திரும்பினா? 142 ரூபாய் லாபம். ஒரே ஒரு ரிட்டர்ன்தான் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவுல நிக்குது. அதனால "மார்ஜின் எவ்வளவு?"ன்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. "எத்தனை திரும்பி வந்தா நான் தாங்குவேன்?"னு கேளுங்க.

அளவும் ஆயுளும்

தினசரி காலண்டரை எடுங்க. கடையில மலிவா கிடைக்கும். ஆனா அட்டை மடங்கக் கூடாதுன்னு பெரிய பெட்டியில வைக்கணும். கூரியர்ல எடையோட அளவையும் பார்ப்பாங்க. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000-ஆல வகுப்பாங்க. 36, 28, 4 சென்டிமீட்டர் பெட்டின்னா 0.8 கிலோ. உள்ள இருக்கிறது அரைக் கிலோதான், பில் மட்டும் கூடுதலா வரும். ஒத்தைக் காலண்டரை வீட்டுக்கு வீடு அனுப்பி லாபம் பார்க்குறது கஷ்டம்.

அதோட ஆயுள். ஆடிப்பெருக்கு அன்னைக்கு சிவகாசியில அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. அங்க ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் சீசன். பொங்கல் தாண்டுனா மிச்ச சரக்கு பழைய பேப்பர் விலைக்குப் போகும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. பேரு பெருசு, தேடுறவங்களும் இருக்காங்க. ஆனா சீக்கிரம் கெட்டுப்போற பொருள். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும், வேகமா போய்ச் சேரணும். பக்கத்து மாவட்டங்கள்ல ஆரம்பிக்கிறது புத்திசாலித்தனம்.

அப்போ எதை விக்கிறது?

தீப்பெட்டிக்கு லேபிள் அடிச்சவங்களை ஞாபகம் வச்சுக்கோங்க. விக்கிறவனுக்கு வித்துப் பாருங்க. ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை எல்லாம் வருஷா வருஷம் பேர் போட்ட காலண்டர் கொடுக்குறாங்க. ஒரு கடைக்கு நூறு காலண்டர், தலைக்கு 60 ரூபாய்னா 6,000. அச்சுச் செலவு 3,800, லாரி பார்சல் 300. அந்த ஒரு ஆர்டரைப் பிடிக்க விளம்பரத்துக்கு 800 போனாலும் 1,100 நிக்கும். பேர் போட்டு அடிக்கிறதால முன்பணம் கேக்கலாம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. முன்பணம் வந்த பிறகு அச்சுக்குப் போகுறதால ஸ்டாக் தேங்காது. முக்கியமா, திருப்தியா இருந்தா அடுத்த ஆடிக்கு விளம்பரச் செலவே இல்லாம அதே கடைக்காரர் போன் பண்ணுவார்.

இதுல உழைப்பு அதிகம். புரூஃப் அனுப்பணும், எழுத்துப்பிழை பார்க்கணும், சொன்ன தேதிக்குக் கொடுக்கணும். டிசம்பர் கடைசியில போய்ச் சேராத காலண்டருக்கு மரியாதை இல்ல.

வீட்டுல கேட்டு வாங்குன பணமா இருந்தா இன்னும் ஜாக்கிரதையா இருங்க. சரக்கு வாங்கிக் குவிக்கிறதுக்கு முன்னாடி பத்து சாம்பிள், சின்ன விளம்பரச் செலவு, ரெண்டு வாரம். வேற மாநிலத்துக்கு அனுப்பப் போறீங்கன்னா பொதுவா விற்பனை எவ்வளவு குறைவா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேணும், ஆடிட்டர்கிட்ட முன்னாடியே பேசிக்கோங்க.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை. நீங்க விக்க நினைக்கிற பொருளுக்கு ஒரு பேப்பர்ல பத்து ஆர்டர் கணக்குப் போடுங்க. மூணு திரும்பி வந்துச்சுன்னு வச்சே போடுங்க. அப்பவும் கையில ஏதாவது மிஞ்சுச்சுன்னா அந்தப் பொருளைப் பத்தி மேல யோசிக்கலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.