எச்சரிக்கையோடு காணியும் வேண்டும்



கிரீன்லாந்தின் வடகிழக்கில் ‘79 வடக்கு’ என்றொரு பனியாறு உண்டு. அதன் முகப்பு கடல்மேல் மிதக்கிறது. 2020இல் அங்கே ஏறக்குறைய 110 சதுர கிலோமீட்டர் பனி உடைந்து சிதறியது. மேலே காற்றுச் சூடு, கீழே கடல் சூடு. முந்தைய ஆண்டே வெடிப்புகள் செய்மதிப் படங்களில் தெரிந்தன. மிதக்கிற பனி உடைவதால் கடல்மட்டம் உயராது. ஆனால் தரையில் கிடக்கும் பனிக்கு முட்டுக்கொடுத்து நிற்பது அதுதான். முட்டுப் போனால் பின்னால் இருப்பது வேகமாக இறங்கும்.

அந்தப் பனியை உருக்கும் வெப்பம்தான் நம் மலையகத்தில் பேய்மழையாகக் கொட்டுகிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். அதை ஒரே இராத்திரியில் இறக்கினால், காடழித்துத் தேயிலை நட்ட சரிவு என்ன ஆகும்? வடிகான் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மண் கனத்துச் சரியும்.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது லய வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. ஆபத்து இருப்பதாக 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. பிறகும் சனங்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? சொந்தமென்று ஒரு பேர்ச் காணி அவர்களுக்கு இல்லை! லயக்காம்பராவோ தோட்டத்துக்குச் சொந்தம். “எழும்பிப் போ” என்று சொல்லும் கடதாசி, எங்கே போவது என்றும் சொல்ல வேண்டாமா?

உலகைச் சூடாக்கியதில் கொழுந்து பறிக்கும் கைகளுக்குப் பங்கு மிகச் சொற்பம். அழிவோ முதலில் அவர்கள் தலையில் விழுகிறது.

தாய்மார்களே, அடுப்படிச் சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, இவற்றைக் கண்டால் சீமெந்து பூசி மறைக்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறுங்கள். 117க்கு அழையுங்கள். கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுங்கள்.

தோட்ட நிர்வாகங்களே, மழைக்கு முன் கான் வெட்டுங்கள். அரசே, அபாய வலயம் என்று குறித்த ஒவ்வொரு லயத்துக்கும் பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு காணியும் தனி வீடும் கொடுங்கள். காணி தராத எச்சரிக்கை, கடமையைக் கழித்த கணக்குத்தான். இந்த மலையை உழைத்து உருவாக்கியவர்கள் கேட்பது சலுகை அல்ல, உரிமை. அதை வாங்கும்வரை ஓயமாட்டோம்!