சூரியப் புயலை முன்னறிவித்தல்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம்மவர் பலர் இன்று கனடாவில் வாழ்கிறார்கள். அந்நாட்டின் கியூபெக் மாகாணத்தில் 1989 மார்ச் 13 அதிகாலை, ஏறத்தாழ 90 செக்கனுக்குள் மின்விநியோகம் நின்றுபோனது. 60 இலட்சம் மக்கள் இருளில் மூழ்கினார்கள். மின்சாரம் திரும்ப ஒன்பது மணித்தியாலம் சென்றது. காரணம், சில நாட்களுக்கு முன் சூரியனில் நிகழ்ந்த வெடிப்பு.

சூரியனிலிருந்து சில வேளைகளில் மின்னேற்றம் கொண்ட வாயு, காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு பெருமுகிலாக வீசப்படுகிறது. அது பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும்போது மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் பாய்கிறது, ஜி.பி.எஸ். தடுமாறுகிறது.

முன்கூட்டியே அறிய என்ன வழி? 1995 இல் ஏவப்பட்ட சோஹோ செய்மதி, சூரியன் பக்கமாக 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில், எல்-1 எனும் இடத்தில் நிறுத்தப்பட்டது. அதிலுள்ள கருவி, சூரியனை ஒரு தகட்டால் மறைத்துச் சுற்றுப்புறத்தைப் படம்பிடிக்கும்; வெயிலுக்கு நாம் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பதுபோலத்தான். முகில் நம்மை நோக்கி வருமாயின், மறைத்த வட்டத்தைச் சுற்றி வளையமாக விரியும். அடுத்தடுத்த படங்களிலிருந்து வேகத்தைக் கணித்து, வந்துசேரும் நேரத்தைச் சொல்கிறார்கள். மிக வேகமானவை ஒரு நாளுக்குள்ளும், மற்றவை சில நாட்களிலும் வரும். கணிப்பு பத்து மணித்தியாலம் முன்பின்னாவதும் உண்டு.

ஆனால் முக்கியமான ஒன்றைப் படம் காட்டாது. முகிலின் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால், பூமியின் புலத்துடன் இணைந்து சக்தி உள்ளே பாயும். வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் தப்பிவிடுவோம். அத்திசையை, முகில் எல்-1 இலுள்ள செய்மதிகளைக் கடக்கும்போதுதான் அளக்கிறார்கள். அதன்பின் எஞ்சுவது 15 முதல் 60 நிமிடம்.

ஆகவே முழு நிச்சயம் வரும்வரை வாய்மூடியிருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஐ நாம் மறப்போமா? சுமாத்திராவிலிருந்து அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நிலநடுக்கத்தைக் கருவிகள் பதிந்திருந்தன. செய்திதான் கரையை எட்டவில்லை. அறிவது பாதி, உரிய வேளையில் சொல்வது மறுபாதி.

2024 மே மாதத்தில் அமெரிக்க எதிர்வுகூறல் நிலையம், 2005 க்குப் பின் முதற்தடவையாகக் கடும் புயலுக்கான முன்னறிவித்தலை வெளியிட்டது. வந்த புயல் அதைவிடப் பெரிது. ஆனாலும் மின் நிறுவனங்கள் ஆயத்தமாயிருந்தன. கியூபெக்கில் நடந்ததுபோன்ற மின்தடை எங்கும் ஏற்படவில்லை.

அதே ஆண்டு ஜனவரியில் எல்-1 ஐ அடைந்தது இந்தியாவின் ஆதித்யா செய்மதி. அத்திட்டத்தை வழிநடத்திய நிகார் ஷாஜி, செங்கோட்டையில் அரசினர் பெண்கள் பாடசாலையில் படித்தவர்.

என் வேண்டுகோள் சிறியது. பெரும் வெடிப்புகள் சூரியப் புள்ளிகள் திரண்ட இடங்களிலேயே பெரும்பாலும் எழுகின்றன. நூற்றாண்டு நினைவாக, சூரிய வடிகட்டி பொருத்திய ஒரு தொலைநோக்கியை நம் ஆய்வுகூடத்துக்குக் கொடுப்போம். பிள்ளைகள் நாள்தோறும் அப்புள்ளிகளை எண்ணிப் பதியட்டும். "இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது, ஆனாலும் ஆயத்தமாயிருங்கள்" என்று தயங்காமல் சொல்லும் பெண்கள் இங்கிருந்து வரட்டும்.