ஊருக்குப் போனால் ஜிம் எங்கே?

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களில் சிலருக்கு ஒரு கவலை: அங்கே ஜிம் இல்லையே! பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. அதற்கு இயந்திரம் எதற்கு? விடிந்ததும் வாய்க்கால் கரையோரம் வேகமாக நடக்கலாம். "என்ன தம்பி, பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று யாராவது கேட்பார்கள், சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கிணற்றில் பத்துக் குடம் தண்ணீர் இறைத்துப் பாருங்கள், தோளும் முதுகும் பதில் சொல்லும். நீச்சல் தெரிந்தவர்கள் கிணற்றில் இறங்கலாம், துணையோடு மட்டும். நாலைந்து நாள் ஓய்வில் உடல்வலு கரைந்துவிடாது. அத்தை இலையில் வைக்கும் மூன்றாவது கரண்டி சர்க்கரைப் பொங்கல்தான் சிக்கல். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவ நீங்களே எழுந்துவிடுங்கள்.