வெண்திரையும் கண்ணீரும்



திரைப்படம் கண்டு அழுவோரை எள்ளி நகைப்பது கற்றோர் சிலரின் வழக்கம். நிழலுக்கு அழுவதா என்பது அவர்தம் வினா. சாத்தாங்காட்டு இரும்பு எஃகு அங்காடியில் பகலெல்லாம் கம்பிக்கட்டுகளை ஏற்றி இறக்கி, இரவில் திரையரங்கம் புகுந்து, இருளில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் அழுகை பேதைமையா? இவ்வினாவுக்குத் தொல்காப்பியம் விடை தருகிறது.

மெய்ப்பாட்டியல் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று அழுகை. அதன் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு. தமிழரை அழவைத்த படங்கள் பலவும் இந்நான்கனுள் அடங்குகின்றன. பீம்சிங் இயக்கிய 'பாசமலர்' (1961) காட்டுவது உடன்பிறந்தாரின் இழவு. சாரதா நடித்த 'துலாபாரம்' (1969), வறுமை தாங்காமல் பெற்ற பிள்ளைகளுக்கே நஞ்சூட்டிய தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. 'மகாநதி' (1994) படத்தில், நிறைவாக வாழ்ந்த ஒருவன் பிறர் வஞ்சனையால் சிறைப்பட்டுக் குடும்பம் சிதறக் காண்கிறான். முன்னை நிலை கெடும் இதுவே அசைவு. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில், பெண் வேடமிட்டு ஆடும் கலைஞரான தந்தை ஆடை உருவப்பட்டு ஓடுகிறார். இளிவுக்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என அழுகையை இருவகைப்படுத்துவார் பேராசிரியர். பின்னது கருணை எனப்படும். அரங்கின் இருளில் இவ்விரண்டும் பிரிக்கவியலாதபடி கலந்துவிடுகின்றன. துலாபாரத்துத் தாய்க்காகத் தொடங்கிய கண்ணீர், பள்ளிக் கட்டணம் கட்ட இயலாமல் நின்ற தம் மகளுக்காகவும் வழிகிறது. வீட்டில் அழுதால் மனைவி மக்கள் கலங்குவர். வேலையிடத்தில் அழுதால் பிறர் நகைப்பர். தோள் வலிமையால் வாழும் ஆண்மகனுக்கு அழ வாய்த்த இடம் அவ்விருள் ஒன்றே.

எனினும் எல்லாக் கண்ணீரும் ஒரு தரத்ததன்று. இசையை உரக்க ஒலித்து வலிந்து பிழியும் கண்ணீர், விளக்கெரிந்ததும் உலர்ந்துவிடும். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' (1979) உரத்துப் புலம்புவதில்லை. ஆற்றங்கரையில் நிற்கும் இரு குழந்தைகளோ பார்த்தவர் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. பரியனின் தந்தைக்காக அழுதவர், மறுநாள் தேநீர்க் கடையில் சாதி பார்த்து ஒதுங்கி நின்றால், அவர் சிந்தியது கருணையன்று, வெறும் உப்புநீரே. கண்ணீரின் தரத்தை அளக்கும் கோல் அரங்கிற்கு வெளியேதான் உள்ளது.

தண்டையார்பேட்டையில் 1967இல் திறக்கப்பட்ட அகஸ்தியா திரையரங்கம் 2020இல் மூடப்பட்டது. இன்று பலர் கைப்பேசியில் தனியே படம் பார்க்கின்றனர். முன்பின் அறியாதார் நூற்றுவர் ஒருசேரக் கலங்கிய அந்த ஒருமை அதில் இல்லை. அருகில் இருப்பவரும் அழுகிறார் என்று அறிவதே மனிதனுக்கு ஓர் ஆறுதலன்றோ?

நூலை மட்டுமன்றி நல்ல படத்தையும் கூடிப் பார்த்து, கூடிப் பேசும் வழக்கத்தை இவ்விலக்கிய வட்டம் தன் பதினோராம் ஆண்டில் தொடங்குமாயின், அத்தொழிலாளியும் அவையில் வந்தமர்வார். மெய்ப்பாட்டியலுக்கு அவரினும் சிறந்த உரைகாரர் கிடைத்தல் அரிது.